மூன்றாவது குறை

முகத்தைத் திருப்பாதீங்க என்று எத்தனை தரம் சொன்னாலும் இவர் முகம் ஜன்னல் பக்கம்தான் போகிறது, சோப்பு நுரை காதுக்குள் போகப் போகிறது, போகட்டும், எனக்கென்ன, துடைப்பவளும் நான்தானே. வலது கன்னம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதை முதலில் முடித்துவிடுவேன், வலிக்காத இடத்தில் வேகமாகப் போகலாம். இடது பக்கம்தான் உயிருள்ள பக்கம். அதைச் சிரைக்கும்போதுதான் மனுஷன் ஜன்னலைப் பார்ப்பார், நான் தாடையைப் பிடித்து இழுப்பேன், அவர் மறுபடி திருப்புவார். மணி ஆறு பதினைந்துகூட ஆகவில்லை. ஆறு இருபதுக்கு என்ன இருக்கிறது ஜன்னலில்? பத்தடிப் புழக்கடை, துணிக்கொடி, மார்பளவு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் குளத்துக் கரைமேல் ஓடும் நடைபாதை. பாதை காலி. இரண்டு பக்கமும் இரும்புக் கேட் போட்டுப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது. காங்கிரீட் கல் சந்துகளிலெல்லாம் புல் முளைத்து, நேற்று அடுத்த வீட்டு மனோன்மணி மாடியிலிருந்து சாரைப்பாம்பு பார்த்ததாகச் சொன்னாள். ஆள் நடமாட்டம் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டினோம், பாம்பு வந்துவிட்டது. குளத்திலிருந்து தாழைக்கோழி கத்துகிறது, காற்றில் ஆகாயத்தாமரை அழுகிய வாடை, சோப்பு வாடை, இவர் வாயிலிருந்து ராத்திரி மாத்திரை வாடை. "இங்க பாருங்க. என்னப் பாருங்க," என்றேன். பார்க்கவில்லை. எட்டு மாதமாக வாய் பேச வராத மனுஷனிடம் கோபித்துக்கொள்ளும் பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாவி என்று சும்மா சொல்லவில்லை. பாதையைப் பூட்டச் சொல்லிக் கலெக்டருக்குக் கொடுத்த மனுவை எழுதியது இந்தக் கை. இப்போது பிளேடு பிடித்திருக்கிற இதே கை. மாநகராட்சி நடைபாதை போட்டபோது எங்கள் செல்வ விநாயகர் நகரில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், வீட்டுக்குப் பின்னாலேயே வாக்கிங் போகலாம், விளக்குக் கம்பம், சிமெண்ட் பெஞ்சு, வாத்து பொம்மை போட்ட குப்பைத் தொட்டி. ஆறு மாதம்தான். பிறகு காலி பாட்டில்கள் மதிலைத் தாண்டி விழ ஆரம்பித்தன. பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் பாட்டு வைத்தார்கள். மனோன்மணியின் மருமகள் துணி காயப்போடப் போனால் நடக்கிறவர்கள் நடையை மெதுவாக்கினார்கள், கரை உயரம், வீடுகள் பள்ளம், நாங்கள் உள்ளே என்ன செய்தாலும் அவர்களுக்குத் தெரியும். கடைசி வீட்டு அம்மாவின் சங்கிலியை மதிலுக்கு மேலேயே கை விட்டு இழுத்தான் ஒருத்தன். பயம் வரத்தான் செய்யும். பொய்ப் பயம் இல்லை அது, இன்றைக்கும் சொல்வேன். சங்கத் தலைவர் தண்டபாணி மைக் இல்லாமலேயே மைக் வைத்ததுபோல் பேசுவார். அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் கூட்டம். "அம்மிணி, உங்க எழுத்து முத்து முத்தா இருக்குது, நீங்களே எழுதிப்போடுங்க," என்றார். எழுத்தைப் புகழ்ந்தால் எனக்குத் தலை கால் புரியாது. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் எழுத்து என்னுடையது அச்சு. குறை ஒன்று, குப்பை மற்றும் மது பாட்டில்கள். குறை இரண்டு, பெண்களின் தனிமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்டபாணி படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொதுவா இருக்குதுங்க அம்மிணி. பொதுவா எழுதுனா பொதுவா ஒரு பதில் வரும். ஒரு சம்பவம் வேணும். ஆளு, நேரம், இடம்," என்றார். மனோன்மணிதான் எடுத்துக் கொடுத்தாள், "தனக்கா, உங்கூட்டுக்குப் பின்னால நிக்கறானே ஒரு குரங்குக் குல்லா, அதச் சொல்லுங்க." நான் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். மூன்றாவதாக, சுமார் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க, குரங்குக் குல்லா அணிந்த நபர் ஒருவர், தினமும் காலை ஆறு இருபது மணியளவில், படுத்த படுக்கையாக உள்ள நோயாளியின் அறையை அரைமணி நேரத்துக்கும் மேலாக உற்றுப் பார்த்தபடி நிற்கிறார். ஆறு இருபது. அந்த எண்ணை எழுதும்போது என் கை நின்றதா? நிற்கவில்லை. பத்தொன்பது வருஷம் நாலு மணிக்கு எழுந்து தூக்குப் போசியில் சோறு கட்டியவள் நான், இவர் பஸ்ஸின் முதல் ட்ரிப் டிப்போவிலிருந்து ஆறு இருபதுக்குக் கிளம்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்த எண்ணை என் கையால் எழுதி, கீழே தனபாக்கியம் குழந்தைவேலு என்று கையெழுத்தும் போட்டேன். புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ தெரியவில்லை.

நுரை காய்கிறது. பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து மறுபடி தடவுகிறேன். மேஜைமேல் பிளாஸ்டிக் டம்ளர், மூடி போட்டு, குழல் வைத்தது, பச்சை நிறம். இதை நான்தான் வாங்கினேன், பொங்கலுக்கு அடுத்த வாரம். அதற்கு முன்னால் எவர்சில்வர் டம்ளர்தான் இருந்தது, ஜன்னல் திட்டில், இவர் இடது கைக்கு எட்டுகிற இடத்தில். மார்கழியில் ஒருநாள் காலை அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறேன், டண் டண் என்று இரண்டு சத்தம். ஓடி வந்தேன். டம்ளரை ஜன்னல் கம்பியில் தட்டியிருக்கிறார். "தண்ணிங்களா?" என்று சொம்பை எடுத்துவந்தால் வாயைத் திறக்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆனது. மறுநாளும் அதே நேரம், அதே இரண்டு தட்டு. ஓடி வந்தால், தண்ணீர் வேண்டாம். பெட்பேனா என்றால் அதுவும் இல்லை. முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு மட்டும், பாதி வாயில். ஒரு மாதம் ஓடினேன். பிறகு ஒருநாள் எனக்கு வந்ததே ஆத்திரம், "ஏனுங்க, கூப்புடறதும் வேண்டாங்கறதும், வெளையாட்டா இருக்குதா உங்களுக்கு? ஒத்தப் பொம்பள எத்தன தரம் ஓடறது?" என்று கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிடுங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் இந்த விரல்களைத் தொடக் கூசுகிறது. அன்று சாயங்காலமே பச்சை டம்ளர் வந்துவிட்டது. அதையும் கம்பியில் அடித்துப் பார்த்தார், பொத் பொத் என்றது, புழக்கடை வரைக்கும்கூடக் கேட்காது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் போட்டார். கொசு கடிக்கிறதாக்கும் என்று நான் ஜன்னல் கதவைச் சாத்தினேன். கெட்டிக்காரி நான். அந்த வாரத்திலிருந்துதான் குரங்குக் குல்லா அரைமணி நேரம் நிற்கிறான், முக்கால் மணி நேரம் நிற்கிறான் என்று மனோன்மணி சொல்ல ஆரம்பித்தாள். "மின்ன எல்லாம் ரெண்டு நிமிசத்துல போயிருவானுங்கக்கா. இப்ப நவுர மாட்டேங்கறான்," என்றாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

நானே ஒருநாள் பார்த்தேனே. வாசலில் கோலம் போட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தால் மதிலுக்கு மேலே தலையும் தோளும், மூக்கு வரைக்கும் குல்லா. "ஆருய்யா அது? அங்க என்ன வேலை?" என்று கத்தினேன். ஆள் திடுக்கிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினான். என்னவோ சைகை காட்டுகிறான், திமிரைப் பார் என்று படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அது கும்பிடத் தூக்கின கை. கை சேருவதற்குள் நான் கதவைச் சாத்திவிட்டேன். என் வீட்டில் அந்த மனுஷன் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது அது இரண்டாவது தரம். முதல் தரம் பதினாலு வருஷத்துக்கு முன்னால், முன்வாசலில். ஆறுச்சாமி. இவருடைய வண்டி டிரைவர். ஒரே பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் இவர் கண்டக்டர், அவர் டிரைவர், பெண்டாட்டியோடு இருந்ததைவிட ஆறுச்சாமியோடு இருந்த நேரம்தான் அதிகம் என்று நானே கேலி செய்வேன். இரண்டு பேருக்கும் லீவு லெட்டர் எழுதித் தருவது நான்தான், ஆறுச்சாமி வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த எழுத்துக்கே லீவு குடுக்கோணுங்க," என்பார். பிறகு அந்த மார்க்கெட் ஸ்டாப். பின்படியில் ஒரு வயசான அம்மா இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது, கீழே விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. விசாரணை. ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் ரைட், போக வேண்டும், அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். "ரெண்டு கேட்டுச்சு, எடுத்தேன்," என்றார் ஆறுச்சாமி. "நான் ஒண்ணுதான் அடிச்சேன்," என்றார் இவர். இவருக்கு ஆறு மாதம் சஸ்பெண்ட், அப்புறம் நாலு வருஷம் மலை டிப்போ. ஆறுச்சாமி ஒரு வாரம் கழித்து ஒரு பை நிறைய மலைவாழைப் பழத்தோடு வந்தார். நான் படியிலேயே நின்றேன். "கூட இருந்து குழி பறிச்சுப்போட்டு பழம் வேறயா? இனி இந்தப் படி ஏறாதீங்க," என்றேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். பழத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். இவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. ரொம்ப நாள் கழித்து, மலையிலிருந்து லீவில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னார், "நான் ரெண்டுதான் அடிச்சேன் தனம். அந்தம்மாளப் பாக்கல." நான் என்ன சொன்னேன்? "அத இப்ப என்னத்துக்குச் சொல்றீங்க, எண்ணெ கண்ணுல எறங்குது பாருங்க," என்றேன். அன்றைக்கே ஆறுச்சாமி வீட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் ஏறினால் இருபது நிமிஷம். நான் சொன்ன சொல்லை நானே போய் எடுப்பதா என்று இருந்துவிட்டேன். இவருக்கும் என்னை மீறிப் போக வாய் வரவில்லை, அப்போது வாய் நன்றாகத்தான் இருந்தது.

முன்வாசல் இல்லையென்றதும் மனுஷன் பின்வழியாக வந்திருக்கிறார். வாதம் வந்து இவர் விழுந்ததை டிப்போவில் யாராவது சொல்லியிருப்பார்கள். பாதை பொதுப் பாதை, யாரையும் கேட்க வேண்டாம், என் படியை மிதிக்கவும் வேண்டாம். ஆறு இருபதுக்கு வந்து நிற்பார், இவர் டண் டண் என்று ரைட் கொடுப்பார், அவர் கிளம்புவார். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. இரண்டு தட்டில் பதினாலு வருஷத்தையும் பேசியிருப்பார்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பஸ். போன வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்கப் போனேன். கண்டக்டர் பையன் விசில் வைத்திருக்கவில்லை போலிருக்கிறது, கையிலிருந்த காசால் கம்பியில் தட்டினான், டண் டண். வண்டி நகர்ந்தது. அடுத்த ஸ்டாப்பில் மறுபடி, டண் டண். மாத்திரைக் கடை வந்தும் நான் இறங்கவில்லை, கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதைக் கேட்டுக்கொண்டே போனேன். ரைட் கிடைக்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ரைட் கேட்டு எடுத்தே ஒரு அம்மா விழுந்ததற்கப்புறம் அந்த டிரைவர் சத்தியமாக எடுக்க மாட்டார். அதனால்தான் நின்றிருக்கிறார், அரைமணி நேரம், முக்கால் மணி நேரம், பனியில், குல்லாவைப் போட்டுக்கொண்டு. நான் ரைட்டைப் பிடுங்கி அடுப்பங்கரை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆள் நகரவில்லை என்று கலெக்டருக்கு மனு கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், "ஏனுங்க, அது ஆறுச்சாமிங்களா?" என்று கேட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, தலையணை உறை நனைந்தது.

மறுநாள் நம்பர் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். எடுத்தது அவர் மகள் சுகந்தி, அப்பாவை ஓசூருக்கே கூட்டிப் போய்விட்டாளாம். "அப்பா பேசமாட்டேங்கறாருங்க," என்றாள். குரலில் மரியாதை இருந்தது, அதுதான் தாங்கவில்லை. "போலீஸ் ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சிருந்தாங்க. ஏன் அங்க போய் நிக்கறேன்னு கேட்டிருக்காங்க, இவரு வாயே தொறக்கல. அப்பறம் மனுவக் கையில குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்காங்க. எழுத்தப் பாத்ததும், இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாருங்க. யாரு எழுத்துன்னு நான் கேட்டதுக்கு, தெரிஞ்சவங்க எழுத்துன்னு மட்டும் சொன்னாரு." "எனக்குத் தெரியாது சாமி, நீங்கதான்னு எனக்குத் தெரியாதுன்னு அவருகிட்டச் சொல்லு கண்ணு," என்றேன். அந்தப் பக்கம் அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு அவள், "சரிங்க அம்மா, உடம்பப் பாத்துக்கோங்க," என்று வைத்துவிட்டாள். நம்பியிருக்க மாட்டார். எப்படி நம்புவார், ஆறு இருபது என்று எழுதியிருக்கிறேனே. வேண்டாத ஆள் என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் வாயால் சொன்னதை இப்போது எழுத்தால் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார். மூன்றாவது குறையை மட்டும் வாபஸ் வாங்கலாமா என்று தண்டபாணியிடம் கேட்டேன். "கேட் போட்டாச்சு, பூட்டியாச்சு, இனி என்னத்த வாபஸ் வாங்கறது அம்மிணி?" என்று சிரித்தார்.

ஐயோ, வெட்டிவிட்டது. காதோரம், இடது பக்கம். மறுபடி திருப்பிவிட்டார். நுரையில் சிவப்பாக ஒரு பொட்டு, பரவுகிறது. படிகாரம் எங்கே, இதோ. வலிக்கும், இது வலிக்கிற பக்கம், ஆனால் முகம் சுளிக்கவில்லை, கண் அந்த மதிலை விட்டு நகரவில்லை. மணி ஆறு பத்தொன்பது. மூன்று மாதமாக ஆள் வராத பாதையை இப்படிப் பார்க்கிறார் என்றால், அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்? ஆறுச்சாமி கோபித்துக்கொண்டார் என்றா? செத்துப் போய்விட்டார் என்றா? நான் போன் போட்டதை, ஆறுச்சாமி ஓசூர் போனதை எல்லாம் சொன்னேன், காதில் விழுந்ததா தெரியாது. இந்த மனுஷனுக்கு இன்னும் எத்தனை ஆறு இருபது பாக்கியிருக்கிறது? வாதம் இரண்டாவது தரம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னார். ரைட் கொடுக்காமலேயே போய்விடுவாரோ. பிளேடைக் கீழே வைத்தேன். அடுப்பங்கரைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன், கடைசி வரிசையில் இருந்தது எவர்சில்வர் டம்ளர், கவிழ்த்து வைத்தபடியே. கழுவினேன். கொண்டுவந்து இவர் இடது கையில் வைத்தேன், விரல் ஒவ்வொன்றாக மடக்கி. அன்றைக்குப் பிரித்த அதே வரிசையில். ஜன்னலை முழுக்கத் திறந்தேன். "இருங்க, வந்தர்றேன்," என்றேன்.

மதிலில் கரைப் பக்கம் திறக்கும் சின்னக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, அம்மிக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டினேன், திறந்தது. கரைமேல் ஏறினேன். புல் முழங்கால் வரைக்கும் இருந்தது, பாம்பு ஞாபகம் வந்தது, வந்தால் வரட்டும். ஆறுச்சாமி எங்கே நின்றிருப்பார் என்று தேட வேண்டியிருக்கவில்லை, விளக்குக் கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் ஜன்னல் நேராகத் தெரிகிறது. அங்கே நின்றேன். இங்கிருந்து பார்க்கத்தான் எவ்வளவு சின்ன ஜன்னல். உள்ளே இருட்டு, இருட்டில் பாதி நுரையோடு ஒரு முகம், கம்பியோரமாக டம்ளரின் பளபளப்பு. பெண்களின் தனிமையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, அந்த முகம் மட்டும்தான் தெரிகிறது. நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். டம்ளர் அசைந்ததுபோல் இருந்தது, அசையவில்லை. ஆறு இருபத்தைந்து இருக்கும். கழுத்தில் வேர்வை இறங்கியது. அங்கே உள்ளே அவர் காதோரம் ரத்தம் காய்ந்திருக்கும், நுரை இறுகியிருக்கும், போய்த் துடைக்க வேண்டும், பாலை அடுப்பில் வைக்க வேண்டும், எல்லாம் தெரிகிறது. கால் நகரவில்லை. இப்படித்தான் நின்றிருப்பார், போகலாமா வேண்டாமா என்று, ஒரு சத்தத்துக்காக. பக்கவாட்டில், தண்டபாணி வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்த மைக் குரல் வந்தது.

"ஆருங்க அது? பூட்டுன பாதையில அங்க என்ன பண்றது? அட, அம்மிணியா! ஏனுங்க அங்க நிக்கறீங்க?"

நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரைட் இன்னும் வரலீங்க," என்றேன்.